செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கர்நாடக இசைக் கச்சேரி கேட்பதற்கென்றே இந்த மன்றத்தில் சேர்ந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்ட அறிக்கை உங்கள் கைக்கு ஏற்கனவே வந்துவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதில் நான் கை வைக்கவில்லை. செயற்குழு வழமைபோல மாதத்தின் முதல் ஞாயிறு கூடியது. ஓகஸ்டில் மட்டும் கூட்ட நடப்பெண் போதாமல் கலைந்துபோனோம். நல்லூர்த் திருவிழாவுக்கென்று பாதிப்பேர் யாழ்ப்பாணத்தில் நின்றார்கள். இனி ஓகஸ்டில் கூட்டம் வைப்பதில்லை என்று செப்டெம்பரில் தீர்மானித்தோம்.

இவ்வருடம் எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவரை இழந்தோம். எந்தக் கச்சேரியானாலும் முன்வரிசையில் வலது ஓரக் கதிரைதான் அவருக்கு. தொடையில் தாளம் போடுவார், ஒருநாளும் பிழைக்காது. பக்கத்தில் இருப்பவர் பிழையாகப் போட்டால் ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். நானும் இரண்டு முறை பிடிபட்டவன். மௌன அஞ்சலி கூட்டத் தொடக்கத்திலேயே செலுத்தியாயிற்று.

இனி மார்கழி இசை விழாவுக்கு வருகிறேன். இந்த அறிக்கையில் முக்கால்வாசி அதுதான்.

2023 டிசெம்பரில் நாங்கள் மண்டபத்தில் நடத்திய விழாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தால் நல்லது. வாடகைக்குப் பிடித்த ஒலியமைப்பாளர் கல்யாண வீடுகளில் கைதேர்ந்தவர். மிருதங்கத்துக்கு இடி முழக்கத்தையும் குரலுக்குக் குகை எதிரொலியையும் கொடுத்தார். வயலின்காரர் வில்லை இழுப்பதைக் கண்ணால் பார்த்து இரசித்தோம். மிருதங்கக்காரர் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு ஒதுக்கிய நேரத்தை வாழ்த்துரைகளும் பொன்னாடைகளும் தின்றுவிட்டன. அன்றிரவு வீட்டுக்குப் போகிற வழியில் ஓட்டோவில் இருந்தபடியே எடுத்த முடிவைத்தான் பிறகு செயற்குழுவில் பிரேரணையாக வைத்தேன்: அடுத்த மார்கழிக்கு மண்டபமும் ஒலிவாங்கியும் வேண்டாம். பாய் விரித்தால் எத்தனை பேர் இருக்கலாமோ அத்தனை பேருக்கு ஒரு கச்சேரி, அதுவும் அவரவர் இருக்கிற ஒழுங்கையிலேயே.

எதிர்ப்பு இருந்தது. மைக் இல்லாமல் எப்படிப் பாடுவது என்பது முதல் கேள்வி. மைக் பரவுவதற்கு முன் எப்படிப் பாடினார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அந்தக் காலத்தில் ஆண் பாடகர்களும் நாலு கட்டை, ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடியது கடைசி வரிசைவரை குரல் எட்டவேண்டும் என்பதற்காகவும்தான். ஒலிவாங்கி வந்தபிறகு சுருதி மெல்ல இறங்கியது. இன்று பெரும்பாலான ஆண்கள் ஒரு கட்டையின் அயலில் நிற்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒரு கட்டைக் குரலும் ஒரு வரவேற்பறையை நிரப்பும்.

இரண்டாவது எதிர்ப்பு, இது மார்கழி விழாவே ஆகாது என்பது. சென்னையைப் போல மேடையும் சபையும் வேண்டுமாம். சென்னையின் டிசெம்பர் சீசனுக்கே வயது நூறு ஆகவில்லை. 1927 டிசெம்பரில் அங்கே காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. மறுவருடம் மியூசிக் அக்கடமி தோன்றியது. சீசன் அங்கிருந்து வளர்ந்தது. எங்களுக்கு டிசெம்பர் வசதிப்படுவது வேறு காரணங்களால்: பிள்ளைகளுக்கு விடுமுறை, லண்டன், டொரன்டோவில் இருந்து உறவினர்கள் வந்து வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நிற்கும் காலம், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து இரவில் கடற்காற்று கொஞ்சம் குளிரும். (அதைக் குளிர்காலம் என்று சொன்னால் நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள்.) பிரேரணை ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்த ஒரு வாக்கு தலைவருடையது.

முதல் கச்சேரி வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில். குடியிருப்பாளர்கள் வாகனங்களை வெளியே எடுத்துத் தந்தார்கள். நிலத்தில் எண்ணெய்க் கறை, அதன்மேல் பாய். தாழ்ந்த கொங்கிரீட் கூரை சத்தத்தைச் சிதறவிடாமல் திருப்பித் தந்தது. வாய்ப்பாட்டுக்காரப் பெண் வாய் திறந்த முதல் நிமிடத்திலேயே பின்வரிசைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன்.

அதற்கு முன் நடந்ததையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பிழை என்னுடையது. பாடகியின் சுருதி ஐந்து கட்டை. அதை மிருதங்கக்காரருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். தம்பி தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கத்தோடு வந்து இறங்கினார், வலது பக்கத் தோலான வலந்தலையை எவ்வளவு தட்டி ஏற்றினாலும் அது ஐந்துக்கு ஏறுமா? ஹெச்சு சுருதி (உயர்ந்த சுருதி) மிருதங்கம் ஒன்றைப் பம்பலப்பிட்டியில் இருந்து ஓட்டோவில் வரவழைத்தோம். வந்ததும் தொப்பிக்கு, அதாவது இடது பக்கத் தோலுக்கு, ரவை பிசைந்து பூசவேண்டும். வீட்டுக்கார அக்கா உப்புமாவுக்கு வைத்திருந்த ரவையை எடுத்துத் தந்தார். முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்கினோம். சனம் எழுந்து போகவில்லை. அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகள் சுற்றி நின்று ரவை பூசுவதையும் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பதையும் பார்த்தார்கள். மண்டபத்தில் இதெல்லாம் திரைக்குப் பின்னால் நடக்கும்.

கரையோர ரயில் இரண்டு தடவை போனது. இரண்டாவது தடவை ஆலாபனையின் உச்சத்தில். பாடகி மேல் ஷட்ஜத்தில் (மேல் ‘ஸ’வில்) நின்றுவிட்டார், வயலின் அதையே பிடித்துக்கொண்டது. ரயில் கடந்து சத்தம் தேய்ந்தபோது அந்த ஷட்ஜம் அப்படியே நின்றது. கைதட்டல் அங்கேதான் விழுந்தது. நடந்தது தற்செயல், அதை அடுத்த வருட நிகழ்ச்சிநிரலில் சேர்க்க முடியாது என்று துணைச் செயலாளருக்கு விளக்கவேண்டி வந்தது.

பாட்டுக்குப் பின்னால் ஓயாமல் ஒலிக்கவேண்டிய சுருதிக்கு என்ன செய்வது என்பதில் செயற்குழு மூன்று கூட்டங்களைச் செலவழித்தது. கைபேசியில் தம்பூரா செயலி இருக்கிறது, அதைச் சிறிய ஸ்பீக்கரில் விடலாம் என்றது ஒரு பக்கம். அதுவும் ஒலிபெருக்கிதானே என்றது மறுபக்கம். கடைசியில் ஓர் அங்கத்தவர் வீட்டு அலுமாரிக்கு மேலே துணி சுற்றிக் கிடந்த தஞ்சாவூர்த் தம்பூரா இறங்கி வந்தது. பலாமரம், அவருடைய தாயார் வாசித்தது. ஒரு தந்தி அறுந்திருந்தது, தந்திகளைத் தாங்கும் குதிரையும் தேய்ந்திருந்தது. தந்தி மாற்றி, குதிரைமேல் தந்திக்கடியில் நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் ரீங்காரம் எழும்பியது. நான்கு கச்சேரிகளுக்கும் அதுதான் சுருதி.

இரண்டாவது கச்சேரி கொட்டாஞ்சேனையில், ஒரு பழைய வீட்டு விறாந்தையில், நத்தாருக்கு முந்திய ஞாயிறு மாலை. புனித லூசியாள் பேராலயம் பக்கத்தில். அயலில் பாதி கத்தோலிக்கர். பக்கத்து வீட்டார் கதிரைகள் தந்ததோடு, நத்தார்ப் பாட்டு ஒன்றும் வேண்டும் என்றார்கள். பாடகர் தேவாரத்தில் ஊறியவர், ஆனாலும் ஒரு கிழமையில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைப் பாடமாக்கி வந்தார். சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர், தஞ்சை மன்னர் சரபோஜியின் காலத்தவர். சங்கீத மும்மூர்த்திகள் காவிரிக் கரையில் கீர்த்தனை செய்த அதே காலத்தில், அதே மண்ணில், கிறிஸ்துவைப் பாடிய புரட்டஸ்தாந்தியர். இரண்டாம் சரணத்தில் பாடகர் ஒரு சொல்லைத் தவறவிட, பின்னால் இருந்த ஆச்சி ஒருவர் எடுத்துக் கொடுத்தார். கத்தோலிக்க ஆச்சிக்கு இது எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். “எங்கட அம்மா மெதடிஸ்த் தம்பி, கலியாணம் முடிச்சுத்தான் இஞ்சால வந்தவ” என்றார்.

மூன்றாவது, பிள்ளைகளின் நாள். உயர்தரப் பரீட்சை நவம்பர்க் கடைசி மழையில் தடைப்பட்டு டிசெம்பர் முடியுமட்டும் இழுபட்டதால் நன்றாகப் பாடும் மூத்த மாணவிகள் சிலர் வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலானோர் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்குப் படிப்பவர்கள். 1931இல் தொடங்கிய அந்தச் சபையின் தரங்கள் இல்லாவிட்டால் எத்தனை வீடுகளில் இன்று சுருதிப்பெட்டி தூசு பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பரீட்சைக்குப் பாடுவதும் கேட்பவருக்குப் பாடுவதும் வேறு என்பது அன்று தெரிந்தது. ஒரு சிறுவன் கீதம் முடித்ததும் சபையைப் பார்க்காமல் இராக இலட்சணம் ஒப்புவிக்கத் தொடங்கிவிட்டான்.

டொரன்டோவில் இருந்து வந்திருந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று சாகித்தியத்தை ஆங்கில எழுத்தில் எழுதிய கொப்பியோடு வந்தது. இங்கே படிக்கும் இன்னொரு பிள்ளைக்கும் அதே மோகன வர்ணம் பாடம். சேர்ந்து பாடச் சொன்னோம். பாடாந்தரம் (குருவழியில் வந்த பாடும் முறை) வேறு. முதலாம் காலத்தில் (மெதுவான வேகத்தில்) சங்கதிகள் முட்டிக்கொண்டன, இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு யாரும் சொல்லாமலே ஒருவர் ஒரு வரியும் மற்றவர் அடுத்ததுமாகப் பிரித்துக்கொண்டு இரண்டாம் காலத்தையும் முடித்தார்கள். எந்தப் பாடாந்தரம் சரி என்று தாய்மார் இருவர் கடைசிவரை விவாதித்தார்கள். பிள்ளைகள் அதற்குள் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்கள்.

அன்று சான்றிதழ் கொடுக்காதது பற்றி மூன்று எழுத்து முறைப்பாடுகள் வந்தன. மூன்றுக்கும் பதில் அனுப்பியுள்ளேன். பாடும் பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டுக் கைபேசியில் படம் பிடிப்பதைத் தடுத்ததற்கு வாய்மொழி முறைப்பாடுகள் அதைவிட அதிகம். அதில் நான் வருந்தவில்லை.

நான்காவது கச்சேரி தெஹிவளையில் வீணை. வீணைக்கு மைக் இல்லாமல் முடியாது என்று சொன்னவர்களும் அங்கே வந்திருந்தார்கள். காற்றாடியை நிறுத்தினோம், வேர்த்துக் கொட்டியது. ஆனால் மீட்டு விழுந்தபின் கமகம் (சுரத்தின் அசைவு) தந்தியில் எவ்வளவு தூரம் இழுபடுகிறது என்பதை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

திருவெம்பாவை பத்து நாட்களும் (ஜனவரி 4 முதல் 13 வரை) அதிகாலைப் பாராயணத்துக்கு எங்கள் அங்கத்தவர்கள் சிறு கூட்டமாகப் போனார்கள். 2007இல் உயர் நீதிமன்றம் இரவு பத்து மணியில் இருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கலாகாது என்று கட்டளையிட்டதை நினைவூட்டுகிறேன். அப்போது பலர் முறுமுறுத்தார்கள். என்னைக் கேட்டால் மணிவாசகரின் இருபது பாட்டுக்கும் அது நன்மைதான் செய்தது. தூங்கும் தோழியை வாசலில் நின்று எழுப்பும் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டால் தோழி மட்டுமா எழும்புவாள்? குரலால் பாடினோம், சேமக்கலமும் சங்கும் கூட வந்தன. சங்குக்கு ஒரு முறைப்பாடு வந்தது. இரவு வேலை முடித்து விடியற்புறம் படுக்கும் தாதி ஒருவர். அவர் சொன்னது நியாயம். அந்தக் கட்டடத்தைக் கடக்கும்வரை சங்கு ஊதுவதில்லை என்று மூன்றாம் நாளில் இருந்து கடைப்பிடித்தோம். ஜனவரி 2ஆம் திகதியே பாடசாலை தொடங்கிவிட்டதால் பிள்ளைகள் குறைவு. வந்தவர்கள் வெள்ளைச் சீருடையில் வந்து, பாடி முடிந்ததும் நேரே பாடசாலை வானில் ஏறினார்கள்.

சன்மானம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக் கச்சேரிதானே, சாப்பாடு போட்டால் போதும் என்று செயற்குழுவிலேயே கருத்து வந்தது. மண்டப வாடகையும் ஒலியமைப்பும் மிச்சமாகிறது, அந்தக் காசு கலைஞருக்குப் போகாமல் வேறெங்கே போகவேண்டும்? பக்கவாத்தியக்காரருக்கும் பாடகருக்கும் இடையில் வழமையாக இருக்கும் வித்தியாசத்தையும் இம்முறை குறைத்தோம். தம்பூரா போட்ட மாணவிக்கும் உறை கொடுத்தோம். அவர் திறந்து பார்த்துவிட்டு, தவறுதலாக வந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்தார்.

சிறு குறைகள்: பாய்கள் போதவில்லை. முழங்கால் நோவுள்ளவர்களுக்குக் கதிரை போட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது. வாசலில் கழற்றிய செருப்பில் ஒரு சோடி மாறிப்போனது. பெரிய சோடி ஒன்று இன்னும் என் வீட்டில் இருக்கிறது, உரியவர் வந்து எடுக்கலாம்.

அடுத்த மார்கழிக்கு முன் செய்யவேண்டியவை. கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது 1925 டிசெம்பர் 16ஆம் திகதி. வரும் டிசெம்பரில் நூறு வருடம் நிறைகிறது. மார்கழி பிறக்கும் நாளும் அதையொட்டித்தான் வரும். வானொலிக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த மூத்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அந்த நாளின் மாலையில், தாங்கள் கேட்ட கச்சேரிகளைப் பற்றி அவர்கள் பேச, இடையிடையே இளையவர்கள் பாடுவதாக ஓர் அமர்வு வைக்கச் செயற்குழு விரும்புகிறது. ஞாபகமுள்ளவர்கள் பெயர் தாருங்கள். தம்பூராவுக்குப் புதுக் குதிரை வேண்டும். மன்றத்துக்கென்று ஹெச்சு சுருதி மிருதங்கம் ஒன்றும் வேண்டும், காரணத்தை மேலே சொல்லியாயிற்று. எல்லாவற்றுக்கும் முன், கீழ்த்தளமோ விறாந்தையோ மொட்டைமாடியோ தரக்கூடியவர்கள் செப்டெம்பர் கூட்டத்துக்கு முன் எனக்கு அறிவிக்கவும். ரயில் பாதையோரம் என்றாலும் பரவாயில்லை.

கதிரை தந்தவர்கள், வாகனம் நகர்த்தியவர்கள், ரவை தந்த அக்கா, சங்கைப் பொறுத்துக்கொண்ட அயலவர்கள், பாடியும் வாசித்தும் தந்த கலைஞர்கள் அனைவருக்கும் மன்றத்தின் நன்றி. இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
கொழும்பு