தலை எண்ணினால் போதாது, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்

நெல்லையிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலா அழைத்துச் செல்பவர்களுக்கு,

அண்ணாச்சிமார்களே, வணக்கம்.

வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் உங்கள் நோட்டீஸ்களை அடிக்கடி பார்க்கிறேன். தாய்லாந்து, பாலி, நேபாளம். சமையல்காரர் கூடவே வருவார், காலையில் இட்லி உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். குற்றாலத்தைத் தாண்டாத ஆச்சிகள்கூட உங்களை நம்பி விமானம் ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் என் மதினி தாய்லாந்து போனார். ஒரு தீவில் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதற்குள் படகு கிளம்பிவிட்டது. கூட்டிப்போனவர் ஆட்களை எண்ணத்தான் செய்திருக்கிறார். கணக்கும் சரியாக வந்திருக்கிறது. வேறு குழுவைச் சேர்ந்த ஒருவர் படகு மாறி ஏறியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. போன் அண்ணன் பையில். பாஷை தெரியாத படகுத்துறையில் ஒன்றரை மணி நேரம் மதினி தனியாக உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து கூட்டிப்போனார்கள். இப்போது அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எனக்கு வயிறு கலங்குகிறது, ஏனென்றால் ஆஸ்திரேலியாவில் நடந்தது எனக்குத் தெரியும்.

1998 ஜனவரி 25. போர்ட் டக்ளஸ் ஊரிலிருந்து பெரும் பவளத்திட்டுக்குக் கடலுக்குள் மூழ்கிப் பார்க்க ஒரு படகு போனது. அதில் ஓர் அமெரிக்கத் தம்பதி. மாலையில் ஆள் எண்ணியதில் தப்பு நேர்ந்து, எல்லாரும் ஏறிவிட்டதாக நினைத்துப் படகு கரைக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் இருவரும் நடுக்கடலில். அவர்களுடைய பை படகிலேயே கிடந்தும், ஆள் குறைகிறது என்று உறைக்க இரண்டு நாள் ஆனது. பல மாதம் கழித்து, நீருக்கடியில் எழுதப் பயன்படுத்தும் ஒரு பலகை கிடைத்தது. எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், உதவுங்கள் என்று மறுநாள் தேதி போட்டு அதில் எழுதியிருந்தது. உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்கப்புறம்தான் அங்கே ஆள் எண்ணும் விதிகளை இறுக்கினார்கள்.

சபரிமலைக்கு வேனில் போகும்போது நம் குருசாமிகள் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் குரல் கேட்ட பிறகுதான் வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள். தலையை எண்ணினால் ஒருவரை இரண்டு தடவை எண்ணிவிடலாம், அந்நியரையும் சேர்த்து எண்ணிவிடலாம். பேரைக் கூப்பிட்டால் அந்தத் தப்பு வராது. உங்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்தது நேபாளம். 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து, நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்றே சொல்லலாம், 15 பேர் அங்கே போனார்கள். ஊர் திரும்பும் வழியில் தாமன் என்ற மலையூரில் தங்கினார்கள். குளிருக்குக் கேஸ் ஹீட்டரைப் போட்டு, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தார்கள். எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. அதில் நான்கு குழந்தைகள். மூடிய அறைக்குள் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. நம் ஊரில் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது, அறையைச் சூடாக்கும் பழக்கம் நமக்கு ஏது? அதனால்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இளவட்டங்களுக்கு வேறு பாடம் வேண்டும். 2024 நவம்பரில் லாவோசின் வாங் வியெங் ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். மறுநாள் பார்வை மங்கினால் அது வெறும் போதைத் தலைவலி இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோமா?

இதையெல்லாம் சொன்னால் ஆட்கள் பயந்து பணத்தைத் திரும்பக் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று பிரிட்டனைச் சேர்ந்த 10 வயதுச் சிறுமி ஒருத்தி தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் நின்றாள். கடல் நுரைத்துப் பொங்கும் விதம் சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. இரண்டு வாரத்துக்கு முன் பூகோள வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். அவள் பிடிவாதமாகக் கத்தியதால் கரையிலிருந்த சுமார் 100 பேர் பிழைத்தார்கள். ஒரே ஒரு வகுப்பு, அவ்வளவுதான்.

தொப்பியும் பையும் கொடுக்கும் அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ஆளுக்கொரு தாள் கொடுங்கள்: தங்கும் விடுதியின் பேர் அந்த ஊர் எழுத்தில், இந்தியத் தூதரக எண், காப்பீட்டு எண். அதே தாளில் ஒன்று வீட்டில் இருப்பவர்களிடமும் இருக்கட்டும். வெளிநாட்டில் ஒருவர் இறந்துவிட்டால் அந்த நாட்டு இறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் ரத்து, தூதரக அனுமதி எல்லாம் முடிந்துதான் உடல் ஊர் வரும். பாதி ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு குடும்பம் தவிக்கக் கூடாது. வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம் என்பதையும் அந்தத் தாளில் போடுங்கள்.

வரும் தை மாதம் அண்ணனும் மதினியும் பிள்ளைகளோடு பாலி கிளம்புகிறார்கள், உங்களில் ஒருவரோடுதான். அந்தப் படகில் பேர் வாசிக்கப்போவது யார் என்று இப்போதே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கொழுந்தன்