தரவுப் பாதுகாப்பு: சட்டம் ஒன்றாக இருக்கட்டும், முறையிடும் இடம் மாவட்டத்தில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பெயர், மொபைல் எண் போன்ற தகவல்களை நிறுவனங்கள் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டதிலிருந்து, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் இருப்பதே வணிகர்களுக்கும் நுகர்வோருக்கும் நல்லது என்ற கருத்து பரவலாகச் சொல்லப்படுகிறது. சட்டம் ஒன்றாக இருப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைச் செயல்படுத்தும் அமைப்பும் தலைநகர் வட்டாரத்தில் ஒன்றே ஒன்றாக இருந்தால் போதுமா என்பதுதான் என் ஐயம்.

மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. அங்கே நாடாளுமன்றம் பொதுச் சட்டம் இயற்றாததால் 2018இல் கலிபோர்னியா தனக்கென ஒன்றை இயற்றிக்கொண்டது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்து, இன்று ஏறத்தாழ 20 மாநிலங்களில் வெவ்வேறு வரையறைகளும் வரம்புகளும் உள்ளன. 2022இல் தேசிய மசோதா ஒன்று கீழவைக் குழுவில் 53க்கு 2 என்ற வாக்குகளில் நிறைவேறியும் அவைக்கு வராமலே முடங்கியது. மாநிலச் சட்டங்களுக்கு மேலாக அதுவே செல்லுபடியாகும் என்பதால், தங்கள் மக்களுக்கு ஏற்கெனவே கிடைத்த உரிமை குறைந்துவிடும் எனக் கலிபோர்னியர்கள் எதிர்த்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது.

ஜெர்மனியின் வழி வேறு. உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 1970இல் இயற்றியது அந்நாட்டின் ஹெஸ்ஸே மாநிலம். 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் பொது விதிமுறை நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் ஜெர்மனியின் ஒவ்வொரு மாநிலத்திலும் தரவுப் பாதுகாப்புக்கென ஓர் ஆணையர் இருக்கிறார், தனியார் நிறுவனங்கள் மீதான புகாரையும் மக்கள் தங்கள் மாநிலத்திலேயே கொடுக்க முடிகிறது.

நம் சட்டத்தில் நிலை என்ன? நான்கு உறுப்பினர்கள் கொண்ட ஒரு வாரியம், இணையவழியே விசாரணை, மேல்முறையீட்டுக்கு டெல்லியிலுள்ள தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகவும் தடை. 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பது பெரிதாகப் பேசப்படுகிறது. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகுமே தவிர, தகவல் கசிந்து பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது.

இழப்பீட்டுக்கு வழி முன்பே இருந்தது என்பதுதான் வருத்தம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பளிக்கும் அதிகாரி. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். இணைய மோசடியில் பணத்தை இழந்த வாடிக்கையாளருக்குத் தனியார் வங்கி ஒன்று 12 லட்சம் ரூபாய்க்கு மேல் தர வேண்டும் என 2010இல் ஆணையிட்டவர் நம் தமிழகத்தின் அதிகாரிதான். தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க அச்சட்டத்தில் உள்ள 43ஏ பிரிவைப் புதிய சட்டம் நீக்குகிறது.

ஜவுளிக் கடையில் பில் போடும் இடத்தில் மொபைல் எண் கேட்கிறார்கள். தர விருப்பமில்லை என்றால், எண் இல்லாமல் கம்ப்யூட்டர் பில்லை எடுக்காது என்கிறார் ஊழியர். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்க, எண்ணைச் சொல்லிவிட்டு வந்தேன். சில நாட்களில், நான் வாசல் மிதித்தறியாத நகைக்கடையின் சீட்டுத் திட்டத்துக்கு என் பெயரைச் சொல்லியே அழைப்பு வந்தது. எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருந்தும் இதுதான் நடைமுறை. இத்தகைய சிறிய குறைக்காக, நாட்டின் அத்தனை வங்கிகளையும் செயலிகளையும் கண்காணிக்க வேண்டிய நால்வர் வாரியம் நேரம் ஒதுக்கும் என்று நம்ப முடியவில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். ஆனால் அதன்கீழ் மாவட்டம்தோறும் ஆணையம் இருக்கிறது. நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திப் பெற்ற பொருள், சேவை குறித்த புகாருக்குக் கட்டணமில்லை. இழப்பீடும் புகார்தாரருக்கே சேரும். தரவு தொடர்பான புகார்களையும் விசாரித்து இழப்பீடு வழங்க இதே ஆணையங்களுக்கு வெளிப்படையாக அதிகாரம் தருவதில் என்ன தடை? புதிதாகக் கட்டடம்கூட வேண்டியதில்லை.

43ஏ பிரிவு 2027 மே மாதம் மறைகிறது. அதற்குள் இத்திருத்தத்தைக் கொண்டுவரவோ, குறைந்தபட்சம் திருத்தம் வரும்வரை அப்பிரிவை நீட்டித்து வைக்கவோ தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி வலியுறுத்த வேண்டும்.

தங்கள் வாசகர்,
திருநெல்வேலி