எனக்கு முன்னே நடந்தவர்களுக்கு நன்றி

அன்பிற்குரிய சிஸ்டர்களுக்கும், மருத்துவர்களுக்கும், வார்டைத் தூய்மையாக வைத்திருக்கும் அக்காக்களுக்கும், டிராலி தள்ளும் அண்ணன்மார்களுக்கும், பயிற்சிக்கு வந்து சென்ற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

21 ஆண்டுகள் செவிலியராக இருந்து, அவற்றில் கடைசி 6 ஆண்டுகள் வார்டுப் பொறுப்பையும் ஏற்று நடத்திய பின், இந்த மாத இறுதியோடு நான் பணியிலிருந்து விடைபெறுகிறேன். பிரிவு உபசாரக் கூட்டத்தில் என்னுடைய தலைமையைப் பற்றி நீங்கள் பேசிய நல்ல சொற்கள் நெஞ்சை நிறைத்தன. ஆனால் அவை உரியவர்களிடம் போய்ச் சேரவில்லையே என்ற உறுத்தலும் கூடவே இருந்தது. அதுதான் இந்த மடலை எழுத வைத்தது. பிறரை நடத்திச் செல்வது எப்படி என்று எந்த வகுப்பிலும் நான் படித்ததில்லை. எனக்கு முன்னே சிலர் நடந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தபடியே பின்னால் வந்தேன். அவர்களுடைய பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை, ஏனெனில் பெயர் வெளிவருவதை அவர்களில் பலர் விரும்பமாட்டார்கள். படிக்கும்போது தங்களைத் தாங்களே கண்டுகொள்வார்கள்.

முதல் நன்றி, நான் வேலைக்குச் சேர்ந்தபோது வார்டுப் பொறுப்பில் இருந்த மூத்த சிஸ்டருக்கு. நான் சேர்ந்த நான்காம் மாதத்தில் ஓர் இரவு, சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் போட வேண்டியிருந்தது. மருந்துக் குறிப்பில் 10 என்ற எண்ணை ஒட்டி, யூனிட் என்பதைக் குறிக்கும் ஆங்கில 'யூ' எழுத்து மட்டும் அவசரக் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த எழுத்தின் மேல்வாய் மூடினாற்போல் இருந்ததால் அது பூஜ்யமாகத் தெரிய, 10 என்பதை 100 என்று படித்த சிஸ்டர் மருந்தை ஏற்றிவிட்டார். சிரிஞ்சு கடைசிக் கோடு வரை நிறைந்திருந்ததைக் கண்டதும் அவருக்குச் சந்தேகம் தட்டியது; குறிப்பை மீண்டும் எடுத்து விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார். ஊசி நோயாளியின் உடலைத் தொடவே இல்லை. அப்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை, நான் வார்டின் மறுகோடியில் இருந்தேன். அந்த மருந்தை அப்படியே கொட்டிவிட்டு, சரியான அளவை மறுபடி ஏற்றிப் போட்டிருந்தால் இன்றுவரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அவர் என்னை அழைத்தார். குறிப்பையும் சிரிஞ்சையும் காட்டி, நடந்ததைச் சொல்லி, சரியான அளவை நான் தனியாகப் பார்த்து உறுதி செய்த பிறகே ஊசி போட்டார். பிறகு நிகழ்வு அறிக்கைப் படிவத்தை எடுத்து உட்கார்ந்தார். காலையில் பொறுப்பு மாறும் நேரத்தில், இரவு டியூட்டியும் பகல் டியூட்டியும் சேர்ந்து நிற்கையில், அந்தப் படிவத்தைத் தானே வாசித்தார். "அவசரத்தில் படித்தேன். எழுத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டேன். இன்னொருவரிடம் காட்டாமல் மருந்தை ஏற்றினேன்." மூன்று வாக்கியங்களும் 'நான்' என்பதிலேயே நின்றன. குறிப்பை எழுதிய மருத்துவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் குரல் நடுங்கியதை நான் கேட்டேன். நடுக்கத்தோடும் அவர் முழுவதையும் வாசித்து முடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம். பல மாதங்களாகக் காலியாகக் கிடந்த அறிக்கைப் பெட்டியில் அடுத்த சில வாரங்களிலேயே படிவங்கள் விழத் தொடங்கின. அவற்றில் ஒன்று என்னுடையது. ஆன்டிபயாடிக் மருந்தை ஒரு மணி நேரம் தாமதமாகக் கொடுத்துவிட்டு, உரிய நேரத்தில் கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதியதை ஒப்புக்கொண்டு எழுதினேன். 'யூனிட்' என்ற சொல்லை முழுவதுமாக எழுதாத மருந்துக் குறிப்பை ஏற்பதில்லை என்ற வழக்கமும், இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்றவற்றை இருவர் தனித்தனியே சரிபார்த்த பிறகே கொடுப்பது என்ற வழக்கமும் எங்கள் வார்டில் அந்தக் காலை முதல்தான் வேர்பிடித்தன. தவறுகளை மறைக்காதீர்கள் என்ற சுற்றறிக்கை அதற்கு முன்பும் சுவரில் இருந்தது. அதைப் படித்து ஒருவரும் படிவம் எழுதியதாக எனக்கு நினைவில்லை. சிஸ்டர், அன்றைக்கு நீங்கள் எனக்குக் கொடுத்த தைரியத்தில்தான் நான் இத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தேன்.

அடுத்த நன்றி, அறுவை அரங்கில் நான் பணியாற்றிய இரண்டு ஆண்டுகளும் எங்களை வழிநடத்திய தலைமை அறுவை மருத்துவருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுவதற்கு முன் என மூன்று கட்டங்களில் அவற்றைச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். 8 நகரங்களில் உள்ள 8 மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளியானது. அதில் உள்நோயாளிகளின் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், பெரிய சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்திருந்தன. இந்த எண்களை எல்லோரும் அறிவோம். எனினும், அரங்கில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்ற அம்சம் வரும்போது, ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வேலை செய்பவர்களுக்கு அது எதற்கு என்ற சலிப்பு எங்களுக்குள் இருந்தது. டாக்டர், நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் முதலில் பெயர் சொன்னீர்கள். உங்களுக்கு அடுத்தபடியாக, டிராலியை உள்ளே கொண்டுவந்த அண்ணன் பக்கம் திரும்பி அவர் பெயரைச் சொல்லும் வரை காத்திருந்தீர்கள்.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்திருந்த தங்கை ஒருத்தி, அறுவை செய்ய வேண்டிய கால் இடதா வலதா என்று தனக்கு ஐயமாக இருப்பதாகக் கூறினாள். கத்தியை வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, சம்மதப் படிவம், எக்ஸ்ரே, தோலில் இட்ட குறி ஆகிய மூன்றையும் மறுபடி சரிபார்க்கச் சொன்னீர்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. பார்த்ததில் பிழை அவளுடையது. அவள் கண்கள் கலங்கிவிட்டன. நீங்கள் அவள் பெயரைச் சொல்லி, "நிறுத்தியதற்கு நன்றி, நாளைக்கும் சந்தேகம் வந்தால் நிறுத்து" என்றீர்கள். சில வாரங்கள் கழித்து, பஞ்சுத் துணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது என்று வேறொரு தங்கை குரல் கொடுத்தாள். தையல் தொடங்கும் முன் அந்தத் துணி வயிற்றுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. முதல் தங்கைக்கு நீங்கள் வேறு விதமாகப் பதில் சொல்லியிருந்தால் இரண்டாமவள் வாய் திறந்திருப்பாளா என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

கை சுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் என் பெரிய தவறும் என் பெரிய நன்றியும் அதில்தான் இருக்கின்றன. வியன்னாவில் 1847ஆம் ஆண்டில் இக்னாஸ் செம்மெல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழையும் முன் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவ வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த தாய்மாரின் இறப்பு ஜூனில் 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. இவ்வளவு பழைய, இவ்வளவு தெளிவான உண்மையைக் கூட இன்றும் நாம் ஒருவருக்கொருவர் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது. தம்மைவிட மூத்த நிலையில் இருப்பவர் நோயாளியின் அறையில் கை சுத்தம் செய்யாதபோது, உடன் இருந்த மற்றவர்களும் செய்வது வெகுவாகக் குறைந்திருந்தது.

எங்கள் வார்டின் மூத்த மருத்துவர் ஒருவர் ரவுண்ட்ஸ் வரும்போது 24 படுக்கைகளிலும் ஒவ்வொன்றுக்கும் இடையே கிருமிநாசினியைக் கையில் ஊற்றி, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என முழுவதும் தேய்ப்பார். ஒரு தடவைக்கு அரை நிமிடம் என்றால் ஒரு ரவுண்ட்ஸுக்கு 12 நிமிடம். வெளி நோயாளிகள் பிரிவில் கூட்டம் நிரம்பி வழிந்த நாள்களிலும் அந்த 12 நிமிடத்தை அவர் குறைத்ததில்லை. அவர் தேய்க்கும்போது பேச்சு நிற்கும்; பின்னால் வரும் நாங்கள் சும்மா நிற்க முடியாமல் தேய்ப்போம். ஐயா, உங்களுக்கு என் நன்றி.

இத்தனையையும் கண்ணால் பார்த்த நானே பொறுப்பேற்ற முதல் ஆண்டில் ஒரு மாலை தவறினேன். ஒரே நேரத்தில் இரண்டு புதிய நோயாளிகள் வந்துவிட்ட பரபரப்பில், ஒருவருடைய சலைன் குழாயைச் சரிசெய்த கையோடு அடுத்தவருடைய கட்டைத் தொட்டேன். பிறகு மூன்றாமவரிடம் போனேன். மறுநாள் பயிற்சி மாணவி ஒருத்தி அதையே செய்வதைக் கண்டு அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன். "நேற்று நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள் சிஸ்டர், அவசரம் என்றால் பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்" என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. என்னிடம் கற்றுக்கொண்டதை என்னிடமே ஒப்பித்தாள், அவ்வளவுதான். அன்று மாலை பொறுப்பு மாறும் நேரத்தில் என் மூத்த சிஸ்டரை நினைத்துக்கொண்டு, முந்தைய நாள் நான் செய்ததை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். தங்கையே, நீ இப்போது எந்த மருத்துவமனையில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நீ உண்மையை நேராகச் சொன்னாய். இந்த மடலில் உள்ள நன்றிகளில் பெரிய பங்கு உனக்குத்தான்.

வார்டைத் துடைக்கும் அக்காவுக்கு நான் கடன்பட்டிருப்பது வேறு வகையில். படுக்கைக் கம்பிகளின் மேற்புறத்தைத் துடைத்துவிட்டுப் பலரும் நகர்ந்துவிடும் இடத்தில், நீங்கள் குனிந்து அடிப்புறத்தையும் துடைப்பீர்கள். ஏன் அக்கா என்று ஒருமுறை கேட்டதற்கு, "பிடிக்கிறவங்க விரல் அங்கதானே போய் மடங்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் யாரும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் உங்களோடு ஒரு மாதம் வேலை பார்த்த புதியவர்கள் எல்லோரும் குனிந்து துடைக்கப் பழகியிருந்ததை நான் கவனித்திருக்கிறேன்.

கேட்டதும் ஒவ்வொரு படுக்கையருகிலும் கிருமிநாசினி வைக்க ஒப்புதல் தந்த நிர்வாக அலுவலகத்தாருக்கும், பழுதான குழாய்களை அன்றன்றே சரிசெய்து கொடுத்த பராமரிப்புப் பிரிவினருக்கும், இரவு டியூட்டிகளைப் பொறுத்துக்கொண்ட என் குடும்பத்தாருக்கும் நன்றி. தண்ணீர் வராத குழாயின் முன் நின்றுகொண்டு யாரும் யாருக்கும் முன்மாதிரியாக இருக்க முடியாது.

வரும் 30ஆம் தேதி காலை 7 மணிக்கு என் கடைசிப் பொறுப்பு ஒப்படைப்பு. இரவு டியூட்டியில் பல ஆண்டுகள் என்னோடு இருந்த சிஸ்டர் எனக்குப் பழக்கியபடி, மேசையில் உட்கார்ந்து ஒப்படைக்காமல், ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று, நோயாளி கேட்கும்படி அவருடைய நிலையைச் சொல்லி, அவருக்குக் கேட்பதற்கு ஏதேனும் உண்டா என்று விசாரித்த பிறகே அடுத்த படுக்கைக்கு நகர்வேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் உடன் நடக்க விரும்பினால் 10 நிமிடம் முன்னதாக வந்துவிடுங்கள். முதல் படுக்கையருகில் காத்திருப்பேன்.

மாறாத நன்றியுடன்,
உங்கள் வார்டுப் பொறுப்புச் செவிலியர்