தம்பிலுவில் போடியாருக்கு, மகன்ட ஹெட்போன் விசயமா

கல்லடி,
மட்டக்களப்பு.

மச்சான்,

உன்ட கடிதம் கிடைச்சது. வேளாண்மை வெட்டு முடிஞ்சு, மழைக்கு முந்தியே நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்திட்டாய் எண்டு வாசிக்க ஆறுதலா இருந்தது. யானையும் இந்த முறை வயல் வட்டைப் பக்கம் வரல்லையாம், நல்லம். இனி உன்னைப் பெரிய வயல்காரன், போடியார் எண்டுதான் கூப்பிடணும். இங்க எல்லாரும் சுகம். மகள் ஏ.எல். சோதினை எடுக்கிற வருசம், அதால எங்கட வீட்டில டிவிக்கும் ரேடியோவுக்கும் ஊரடங்கு. நான் பாட்டுக் கேட்கிறதெண்டா காதில மாட்டிக்கொண்டுதான் கேட்கணும்.

மூத்தவன் கல்யாண வீடுகளுக்கு டீஜே செய்யப் போறான் எண்டு தலையில அடிச்சு எழுதியிருக்கிறாய். அம்மன் கோயில் சடங்குக்கு ஸ்பீக்கர் கட்ட வாற ஆக்களுக்குப் பின்னால வயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சது ஆர்? விடு, பொடியன் செய்யட்டும்.

20,000 ரூபாவுக்குள்ள வயர் இல்லாத ஹெட்போன் ஒண்டு வேணும், கல்யாண வீட்டில அவனுக்கு உதவணும், கல்முனைக்கு பஸ்ஸில போகக்குள்ளயும் உதவணும், இராவையில வட்டைக் காவலுக்கு நீயும் மாட்டணும் எண்டு கேட்டிருக்கிறாய். (கடைசிக் காரணம்தான் முதல் காரணம் எண்டு எனக்குத் தெரியும்.) ஒரே ஹெட்போன் மூண்டுக்கும் உதவும். ஆனா புளூடூத்தில டீஜே செய்ய ஏலாது மச்சான். அதால வயர் குத்துற ஓட்டையும் சேர்ந்து இருக்கிற வயர்லெஸ் ஹெட்போனாப் பாத்து எடு. நிறம், பெயர், விலை எல்லாம் அதுக்குப் பிறகு.

இதில சத்தத்தின்ட தரம் இல்ல பிரச்சினை, நேரம்தான். ஒரு பாட்டு சனத்துக்கு ஓடிக்கொண்டிருக்கக்குள்ள, டீஜே செய்யிறவன் அடுத்த பாட்டைத் தன்ட காதுக்குள்ள மட்டும் கேட்டு, ரெண்டின்ட தாளத்தையும் ஒண்டாக்கித்தான் வெளிய விடுவான். நிமிசத்துக்கு 120 தட்டு ஓடுற பாட்டெண்டா ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில அரைச் செக்கன், 500 மில்லிசெக்கன். சாதாரண புளூடூத் பாட்டைச் சுருக்கி அனுப்பி, ஹெட்போனுக்குள்ள திரும்ப விரிச்சு, இடையில அறுந்துபோகாம இருக்கக் கொஞ்சத்தைச் சேர்த்து வைச்சுத்தான் காதுக்குத் தரும். அந்த வேலைக்கு 150 இலிருந்து 250 மில்லிசெக்கன் வரை போகும். கிட்டத்தட்ட அரைத் தட்டு பிந்திப் போச்சு. ஒரு காது ஹோலில இருக்கிற ஸ்பீக்கர் பொக்ஸைக் கேட்குது, மற்றக் காது பிந்தி வாறதைக் கேட்குது. ரெண்டு கோயில் பறையை ஒரே தாளத்தில அடிக்கச் சொல்லி நடு ரோட்டில நிண்டு கத்துற மாதிரித்தான்.

கடையில 'கேம் மோட் இருக்கு, பிந்தாது' எண்டு, பிந்தலைக் குறைக்கிற செட்டிங் ஒண்டைக் காட்டிச் சொல்லுவாங்க. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி எண்ட முறை 40 மில்லிசெக்கன் அளவுக்குக் குறைக்கும், உண்மைதான். ஆனா அனுப்புற பக்கத்திலயும் வாங்குற பக்கத்திலயும் அது இருக்கணும். மகன் பாட்டுக் கலக்கப் பாவிக்கிற மாதிரிச் சின்னக் கொன்ட்ரோலர் பெட்டியில ஹெட்போனுக்கெண்டு இருக்கிறது வயர் ஓட்டை மட்டும்தான். பயனியர் டீஜே சாமான் செய்யிற அல்பாதீட்டா கொம்பனி, தனி அனுப்பிப் பெட்டியோட 9 மில்லிசெக்கனுக்குக் குறைச்ச ஹெட்போன் ஒண்டு விட்டிருக்கு. அது உன்ட நெல்லுக் காசை விழுங்கிப் போடும், அந்தப் பக்கமே போகாத.

வீட்டில போனில டீஜே அப் வைச்சுப் பழகுறது வேற கதை. அங்க ரெண்டு பாட்டும் ஒரே ஹெட்போனுக்குள்ள வாறதால ரெண்டும் ஒரே அளவு பிந்தும், தாளம் ஒண்டுக்கொண்டு இசையும். கைக்கும் காதுக்கும் இடையில மட்டும் இழுவை தெரியும். ஆனா அந்த இழுவைக்குப் பழகின கை, ஹோலில வயரைக் குத்தினாப் பிறகு முந்தி ஓடும். முதல்லயே வயரோட பழகச் சொல்லு.

சோனி டபிள்யூஎச்-சிஎச்520 ஒருக்கா சார்ஜ் பண்ணினா 50 மணித்தியாலம் போகும், வட்டைக் காவலுக்கு நல்ல சாமான், ஆனா வயர் ஓட்டையே இல்ல. ஜேபிஎல் டியூன் 520-உம் அப்பிடித்தான். ஒன்ஓடியோ ஏ70 எண்டு மலிவு ரகம் ஒண்டு இருக்கு. புளூடூத்தும் இருக்கு, 3.5 மில்லிமீற்றர் ஓட்டையும் இருக்கு, பெரிய மிக்ஸருக்குத் தேவையான 6.35-உம் இருக்கு, காதுக் கிண்ணமும் கிறுகும். பேஸ் எண்ட அடிச் சத்தம் கொஞ்சம் ஊதித்தான் கேட்கும், உன்ட பழைய பாட்டுகளுக்கு அது அவ்வளவு அழகில்ல. எண்டாலும் தாளம் பிடிக்கிறவனுக்கு அந்த ஊதல் உதவி. ஓடியோ டெக்னிக்காட ஏடிஎச்-எம்20எக்ஸ்பிடி சத்தத்தில இன்னும் நேர்மை, 60 மணித்தியாலம் ஓடும், வயரும் குத்தலாம். டீஜேக்கெண்டே செய்த பயனியர் கியூ1பிடியும் இருக்கு. இந்த ரெண்டும் உன்ட கணக்கைத் தாண்டும். நானெண்டா இப்ப ஒன்ஓடியோவை எடுத்துக் குடுப்பன். பொடியன் இந்த வேலையில நிண்டு பிடிக்கிறானா எண்டு ஒரு வருசம் பாப்பம்.

வெளி இரைச்சலை அடக்குற நொய்ஸ் கான்சலிங்குக்குக் காசு குடுக்காத. பஸ் எஞ்சின் மாதிரி ஒரே சீரா வாற இரைச்சலுக்குத்தான் அது நல்லம். பொக்ஸுக்குப் பக்கத்தில நிக்கிறவனைக் காப்பாத்திறது காதை நல்லா மூடுற கிண்ணம்தான். இதை நான் சும்மா சொல்லல்ல. வெளிச் சத்தம் உள்ள வந்தா பொடியன் ஹெட்போன் சத்தத்தைக் கூட்டுவான். அமெரிக்காட தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்லுற கணக்கில 85 டெசிபல் எண்டா ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் தாங்கலாம். 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தா 15 நிமிசம்தான். கல்யாண வீட்டில ஆர் 15 நிமிசத்தில பெட்டியை மூடுறது? அந்தக் கோயில் சடங்கு ஸ்பீக்கர்காரர்ர காதுக்கு என்ன ஆனதெண்டு உனக்குத் தெரியும்.

கடையில ஹெட்போனை ஓஃப் பண்ணி வைச்சு, வயரை மட்டும் குத்திக் கேட்டுப்பார். பற்றரி செத்தா வயரிலயும் பாடாத ரகங்கள் இருக்கு, அது பந்தல் நடுவில காலை வாரும். ஒரு கிண்ணத்தைக் கிறுக்கி ஒரு காதில மட்டும் பிடிச்சுப்பார், மூட்டு நொறுநொறுத்தா வேண்டாம். காது மெத்தை தனிய வாங்கி மாத்தலாமோ எண்டும் கேள். எங்கட கடல் காத்துக்கும் வேர்வைக்கும் அந்த ரெக்சின் தோல் முதல்ல உரியும். காவல் வாடிக் கூரைக்குக் கீழ வெயிலில தொங்கவும் விடாத.

வாற கிழமை ஞாயிறு நான் வீட்டிலதான். நீ தனிய வராத, மகனையும் அவன்ட கொன்ட்ரோலரையும் கூட்டிக்கொண்டு வா. டவுன் கடையில அதிலயே குத்திப் பாத்து எடுப்பம். வரக்குள்ள சிவப்பரிசி கொஞ்சம் கொண்டுவா, இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன்ட பழைய வயர்ச்சுருள் கூட்டாளி