எங்கள் கையெழுத்தை எங்களிடம் கொடுங்கள்

ஊரக வளர்ச்சி, ஊராட்சித் துறையின் உயர் அலுவலர்களுக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

2021 அக்டோபரில் ஒன்பது மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்று கிராம ஊராட்சித் தலைவரானவள் நான். அப்போது எனக்கு 22 வயது. இத்தனை நாளும் மனுவாகத்தான் எழுதி வந்தேன். 2025 ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் பிறகு எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்று தெற்குத் தெருவிலிருந்து ஒரு அம்மா எழுந்து கேட்டார். "குடிதண்ணி மோட்டார் எரிஞ்சு பதினோரு நாளாச்சு. நீ ஒரு கையெழுத்துப் போட்டா சரியாயிடும்ங்கிறாங்க. அதைக்கூடப் போட மாட்டியாம்மா?" அவர் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு ஓட்டுப் போட்டவர் அவர், பிரச்சாரத்துக்குப் போன அன்று வெயிலில் நின்ற என்னைக் கூப்பிட்டு மோர் கொடுத்தவர். வருத்தமாகக் கேட்டார். நூறு பேருக்கு முன்னால் நான் வாய் திறக்காமல் நின்றேன். என் கையெழுத்து என்னிடம் இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

உங்களுக்கு இது தெரியாததல்ல. ஊராட்சிப் பணம் இப்போது இணையம் வழியாகப் போகிறது. என் பெயரில் பதிவான டிஜிட்டல் கையெழுத்து ஒரு சின்ன டோக்கனில் இருக்கிறது, பார்க்க பென் டிரைவ் மாதிரி. பதவியேற்ற புதிதில் அதை வாங்கிக்கொள்ள ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். "நீங்க சின்னப் பொண்ணு, எங்கேயாவது தொலைச்சிடுவீங்க. இங்கேயே இருக்கட்டும்" என்றார்கள். பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அரசு அலுவலகம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அன்றிலிருந்து டோக்கன் அங்கே ஒரு மேசை டிராயரில் இருக்கிறது.

மோட்டார் கதைக்கு வருகிறேன். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவருக்குப் போன முறை செய்த வேலைக்கே பணம் போகவில்லை. பில்லைத் தீர்மானத்தோடு அனுப்பி இரண்டு மாதமாகிவிட்டது. பழைய பாக்கி வராமல் அடுத்த மோட்டாரில் கை வைக்க மாட்டேன் என்று அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அவரும் கடன் வாங்கித்தான் கம்பி வாங்குகிறார். ஒன்றிய அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்", "ஆபரேட்டர் லீவு", "சர்வர் வேலை செய்யலை". நான்காவது நாள், "அப்பாவை ஒரு தடவை வரச் சொல்லும்மா, பேசிக்கலாம்."

என் அப்பா விவசாயக் கூலி. ஊராட்சிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேர்தலில் நின்றவள் நான், உறுதிமொழி எடுத்தவள் நான். எதைப் பேச அவரை வரச் சொல்கிறீர்கள்?

அதே வாரத்தில் என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பேவர் பிளாக் வேலைக்காக ஒரு ஒப்பந்தக்காரருக்கு ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. அந்த வேலை முடிந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை, வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தை யாரும் என்னிடம் காட்டவில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது. கேட்டால், "நீங்கதானே மேடம் போட்டிருக்கீங்க" என்றார்கள். அன்றுதான் முதல் முறையாக அந்த அலுவலகத்தில் என்னை மேடம் என்று கூப்பிட்டார்கள்.

குடிதண்ணீர் மோட்டாருக்கு இரண்டு மாதமாக வராத கையெழுத்து, ஒப்பந்தக்காரருக்கு எனக்கே தெரியாமல் எப்படி வந்தது? இதற்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் செயல் அலுவலர் தலைவர்தான். நாளை தணிக்கையில் தடை எழுதினால் என் பேர்தான் வரும். பிரிவு 205-இல் என்னை நீக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு உண்டு, அதைச் சொல்லியே எங்களை மிரட்டுகிறவர்களும் உண்டு. பொறுப்பு முழுக்க என் தலையில், பேனா வேறு ஒருவர் கையில் என்றால் இது என்ன ஏற்பாடு? எனவே கேட்கிறேன்: எங்கள் டோக்கனை எங்கள் கையில் கொடுங்கள்.

வயதைக் காரணம் காட்டாதீர்கள். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 வயது வேண்டும், உள்ளாட்சிக்கு 21 போதும் என்று 73-வது திருத்தத்தில் வேண்டுமென்றேதான் எழுதினார்கள். நாங்கள் வென்ற அதே தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் பொறியியல் படிக்கிற பெண் 21 வயதில் தலைவரானார். திருநெல்வேலி மாவட்டம் சிவந்திப்பட்டியில் 90 வயதுப் பாட்டி ஒருவர் தலைவரானார். ஓட்டுப் போட்ட சனங்கள் இருவரையும் வயது பார்த்து ஒதுக்கவில்லை. பக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஆர்யா ராஜேந்திரன் 2020-இல் 21 வயதில் மேயரானார். நம் சென்னையில் பிரியா ராஜன் 2022-இல் 28 வயதில் மேயரானார். அந்தச் செய்திகளை நாமெல்லாம் பெருமையாகப் பகிர்ந்துகொண்டோம். நாங்கள் வென்றபோதும் உங்களில் பலர் எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். அந்தப் படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன.

டோக்கன் மட்டுமா? ஒன்றியக் கூட்டத்தில் என் ஊராட்சியின் தெருவிளக்குக் கணக்கை, நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, ஊராட்சிச் செயலரிடம் கேட்கிறார்கள். பெண்களுக்குப் பாதி இடம் என்று இந்த மாநிலம் சட்டம் போட்டது. அந்தப் பாதியில் எத்தனை நாற்காலியில் கணவரோ அப்பாவோ அண்ணனோ உட்கார்ந்திருக்கிறார் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வெளியானதே, அதைப் பார்த்த பிறகும் ஒரு தலைவரின் இடம் எது என்று நாங்கள் விளக்க வேண்டியிருக்கிறதா? 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு அங்கே தலைவர்களுக்குப் பதிலாக அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். 2016-க்கும் 2019-க்கும் இடையிலும் மூன்று ஆண்டுக்கு மேல் ஊராட்சிகள் தலைவர் இல்லாமல்தான் கிடந்தன. தலைவர் இல்லாத ஊராட்சி பலருக்கு வசதியாக இருக்கிறது. தலைவர் இருந்தும் கையெழுத்து இல்லாத ஊராட்சி இன்னும் வசதி போலிருக்கிறது.

மன்னியுங்கள். எழுத எழுதக் கோபம் வந்துவிட்டது. உங்களில் நல்லவர்களை நான் அறிவேன். என் மண்டலத்தில் இருந்த ஒரு துணை வட்டார வளர்ச்சி அலுவலர் (துணை பி.டி.ஓ.) அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எனக்கு வரவு செலவுப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுத்தார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

நான் கேட்பது பெரிய நிதியல்ல, புதிய அதிகாரமும் அல்ல. தலைவரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் பாஸ்வேர்டும் தலைவரிடம் மட்டுமே இருக்க வேண்டும், ஓ.டி.பி. போகும் எண் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்று தயவுசெய்து ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதுவரை வேறு எங்காவது வைத்திருந்தால் கையொப்பம் வாங்கிக்கொண்டு திருப்பித் தரச் சொல்லுங்கள். கணினி இயக்கத் தெரியாத தலைவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், என் போன்றவர்கள் பக்கத்து ஊராட்சிகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கவும் தயார்.

மோட்டார் இப்போது ஓடுகிறது. என் கம்மலை அடகு வைத்துக் காயில்காரருக்குப் பணம் கொடுத்தேன். பில் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. எங்கள் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரைதான். வரும் அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்தத் தெற்குத் தெரு அம்மா மறுபடியும் வருவார். அதற்குள் என் டோக்கனைக் கொடுத்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கிராம ஊராட்சித் தலைவர்