ஆடுபவரைப் பார்த்து வாசி

அன்பு மகள் மதிவதனிக்கு,

நலம். உன் நலமறிய ஆவல்.

சிகாகோவில் ஒரு பர்லெஸ்க் நிகழ்ச்சிக்காக, அதாவது நகைச்சுவையும் ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து ஆடும் நடனமும் கலந்த மேடை நிகழ்ச்சிக்காக, ஆறு பேர் கொண்ட இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்க உன்னை அழைத்திருப்பதாகச் சொன்னாய். அந்த இசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லும்படியும் கேட்டாய். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். உறவினர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை உனக்கு வேண்டாம். அதை அம்மாவும் நானும் பார்த்துக்கொள்வோம். மேடையில் உடலைக் கொண்டு உழைக்கும் ஒருவருக்கும், அவருக்காகக் கீழே உட்கார்ந்து வாசிப்பவருக்கும் இடையே உள்ள உறவு இவ்வளவு நேரடியாகக் காதில் விழுகிற இசை மேற்கத்திய மேடையில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். ஆகவே, உனக்கு வந்திருக்கும் வாய்ப்பை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

1868இல் லிடியா தாம்ப்சன் என்ற ஆங்கில நடிகை தன் பெண்கள் குழுவோடு நியூயார்க்கில் வந்து இறங்கியபோது, பர்லெஸ்க் என்றால் நையாண்டி நாடகம் என்றுதான் பொருள். புராணக் கதைகளையும் பெரிய மனிதர்களின் ஆபராக்களையும் கேலி செய்வார்கள். ஆண் வேடங்களைப் பெண்களே கட்டுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளை எடுத்து, அன்றைய அரசியலையும் தெருப் பேச்சையும் போட்டுப் புது வரிகள் எழுதிப் பாடுவார்கள். தனக்கென்று ஒரு மெட்டு இல்லாமல், கையில் கிடைத்ததைத் தன்வயமாக்கிக்கொள்ளும் பழக்கம் இந்தக் கலைக்கு அன்றே வந்துவிட்டது. பின்னால் வந்த ஒவ்வொரு பத்தாண்டிலும் அதைத்தான் பார்க்கிறேன்.

அடுத்த திருப்பம் நீ இருக்கும் ஊரிலேயே நடந்தது. உன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய மிட்வே பிளைசன்ஸ் புல்வெளியில் 1893இல் உலகக் கண்காட்சியின் கேளிக்கைப் பகுதி இருந்தது. அங்கே கெய்ரோ தெரு என்று ஒன்றை அமைத்து, வட ஆப்பிரிக்க, மேற்காசிய நடனக்காரர்களை ஆட வைத்தார்கள். பாம்பாட்டி வந்தாலே கார்ட்டூன் படங்களில் ஒலிக்கும் அந்த மெட்டு உனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். கண்காட்சியின் கேளிக்கைப் பகுதியை நடத்திய சால் ப்ளூம், ஒரு பியானோவில் அதைத் தானே தட்டி உண்டாக்கியதாகத் தன் வரலாற்று நூலில் உரிமை கோரினார். 1895இல் ஜேம்ஸ் தார்ன்டன் அதே மெட்டை வைத்து ஒரு பாட்டை அச்சிட்டு விற்றார். எகிப்தியரின் இசையைக் கேட்டுப் பயின்று அதிலிருந்து எடுத்ததாக இதைச் சொல்ல முடியாது. கிழக்கு என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று அமெரிக்கர்கள் தாங்களாகவே செய்துகொண்ட ஒலி அது. ஆனாலும் அன்று முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, மேடையில் இடுப்பு அசைந்தால் கீழே டாம்-டாம் என்ற முரசு முழங்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. உன் குழு அந்த மெட்டை எடுத்தால், அது எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு வாசி.

நீ உட்காரும் டிரம்ஸின் வடிவத்துக்கும் இந்த அரங்குகளுக்கும் தொடர்பு உண்டு. பழைய நாடகக் கொட்டகைகளில் மேடைக்கு முன்னால் இருந்த பள்ளம் குறுகலானது. முதலாளிகளோ ஓர் ஆளுக்கு மேல் சம்பளம் கொடுக்க விரும்பாதவர்கள். ராணுவ வாத்தியக் குழுவில் இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொண்ட வேலையை இங்கே ஒருவரே செய்தாக வேண்டும். 1909இல் சிகாகோவில் வில்லியம் லுட்விக் பெரிய பேஸ் டிரம்மைக் காலால் அடிக்க உதவும், விரைவாக இயங்கும் பெடலைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்ததும், அந்த ஒற்றை ஆளின் இரண்டு கைகளும் ஸ்னேர் என்ற சிறு டிரம்முக்கும் சிம்பல் என்ற உலோகத் தட்டுக்கும் கிடைத்தன. அவரைச் சுற்றி மணி, மரக்கட்டை, விசில் என்று பல பொருள்கள் தொங்கும். நகைச்சுவை நடிகர் வழுக்கி விழுந்தால் ஓர் ஒலி, ஜோக்கின் கடைசிச் சொல்லுக்கு, டிரம்மின் விளிம்பையும் தோலையும் சேர்த்து அடிக்கும் ஒரு ரிம்ஷாட். பர்லெஸ்க் மேடை நடனத்துக்கு நிகராக நகைச்சுவைக்கும் இடம் கொடுத்த மேடை. புகழ்பெற்ற நகைச்சுவை இணையான அபட், காஸ்டெல்லோ இருவரும் அங்கே வளர்ந்தவர்கள்தாம். நடிகரின் வாயைப் பார்த்து அடித்துப் பழகிய அதே டிரம்மர், நடனக்காரரின் இடுப்பையும் பார்த்து அடிக்கத் தொடங்கினார்.

இந்த இசையின் உயிர் இருப்பது இங்கேதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். இடுப்பைச் சட்டென்று முன்னால் தள்ளி நிறுத்துவது பம்ப். மெதுவாக வட்டமாகச் சுழற்றுவது கிரைண்ட். சுழலும் அசைவு டிராம்போனுக்கு உரியது: வாசிப்பவர் குழாயை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வார், டிரம்மர் தாழ்ந்த டாமில் மெல்ல உருட்டிக்கொண்டிருப்பார். டிரம்பெட்காரர் குழாய் அடைப்பை நீக்கும் ரப்பர் கிண்ணத்தை வாத்தியத்தின் வாயில் வைத்து மூடித் திறந்து, தொண்டையையும் சேர்த்து உறுமுவார். ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழுவில் பபர் மைலி 1920களில் செழுமைப்படுத்திய முறை அது. பம்ப் டிரம்மருக்கு உரியது: காலில் பேஸ் டிரம், கையில் ரிம்ஷாட், உடனே சிம்பலை விரல்களால் பிடித்து ஒலியை நிறுத்துதல், மூன்றும் ஒரே வீச்சில். பெரும்பாலும் மெதுவான நான்கு எண்ணிக்கை. ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரியும், நம் திஸ்ர நடைபோல.

அந்த அடி தாளத்தின் மேலேயே விழும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. கைதேர்ந்த நடனக்காரர் எண்ணிக்கை வரும்வரை காத்திருந்து, அதைக் கடக்க விட்டு, அரங்கம் மூச்சைப் பிடித்திருக்கும்போது அசைவார். இசைத்தாளை மட்டும் பார்த்து வாசிக்கும் டிரம்மர் அந்த இடத்தில் தனியாக அடித்துவிட்டு நிற்பார். அசைவுக்குச் சற்று முன்னால் உடலின் எடை ஒரு காலுக்கு மாறும், மறு காலின் குதிகால் லேசாக எழும். உன் கண் அங்கே இருக்க வேண்டும். பரதநாட்டியக் கச்சேரியில் மிருதங்கக்காரர் கண் எங்கே இருக்கிறது என்று நீ சிறுமியாக இருந்தபோது கேட்டாய் அல்லவா, அதே இடம்தான்.

இதை அவர்கள் எவ்வளவு குறைந்த ஒத்திகையோடு செய்தார்கள் என்பதை எண்ணினால் எனக்கு அவர்கள்மீது மரியாதை கூடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா, பின்னர் மியூச்சுவல் என்று சுற்றுகள் இருந்தன; ஒரு குழு ஒரு வாரம் ஓர் ஊரில் ஆடிவிட்டு அடுத்த வாரம் அடுத்த ஊருக்குப் போகும். இசைக்குழு பெரும்பாலும் கொட்டகையோடு இருக்கும். வந்தவர் கொண்டுவந்த கசங்கிய இசைத்தாள்களை வைத்து ஒரே ஒரு ஒத்திகை, அன்று மாலையே காட்சி. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. ஆடியவர்களின் பெயரையாவது சுவரொட்டி தாங்கியது.

1930களில் ஒவ்வொரு நட்சத்திரமும் குழுவிடம் வெவ்வேறு வேலை வாங்கினார். ஜார்ஜியா சதர்ன் ‘டைகர் ராக்’ என்ற ஜாஸ் மெட்டை அசுர வேகத்தில் வாசிக்கச் சொல்லிச் சூறாவளியாக ஆடினார். ஜிப்ஸி ரோஸ் லீ ஆடியதைவிடப் பேசியது அதிகம். ஒரு கையுறையைக் கழற்றிக்கொண்டே அரங்கத்தோடு உரையாடுவார், ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படி குழு அடக்கி வாசிக்க வேண்டும். உன் ஊரில் 1933இல் நடந்த கண்காட்சியில் சாலி ராண்ட் இரண்டு பெரிய தீக்கோழி இறகு விசிறிகளோடு ஆடியது டெபுஸியின் ‘கிளேர் டி லூன்’ என்ற பியானோ இசைக்கு. பர்லெஸ்க் என்றாலே உறுமும் டிரம்பெட்தான் என்று யாராவது உன்னிடம் சொன்னால் அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்.

நியூயார்க்கில் பர்லெஸ்க் அரங்குகளை நடத்திய மின்ஸ்கி சகோதரர்கள் கோலோச்சிய அந்தக் காலத்தை 1937இல் மேயர் லாகார்டியாவின் நிர்வாகம் முறித்தது. உரிமங்கள் புதுப்பிக்கப்படவில்லை, விளம்பரங்களில் பர்லெஸ்க் என்ற சொல்லுக்கே தடை வந்தது, 1942க்குள் அந்நகரத்தில் எஞ்சியிருந்தவையும் மூடப்பட்டன. ஒழுக்கத்தின் பெயரால் அரங்கம் மூடும்போது நடனக்காரர்களைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். பள்ளத்தில் இருந்தவர்களின் பிழைப்பைப் பற்றிப் பேசியவர்கள் அரிது. ஆட்டம் இரவு விடுதிகளுக்கு இடம் பெயர்ந்தது, குழு மூன்று நான்கு பேராகச் சுருங்கியது, டெனர் சாக்ஸபோன் முன்னுக்கு வந்தது. 1939இல் எர்ல் ஹேகன் எழுதிய ‘ஹார்லெம் நாக்டர்ன்’, 1952இல் பெரும் வெற்றி பெற்ற ஜிம்மி ஃபாரஸ்டின் ‘நைட் டிரெயின்’ ஆகிய இரண்டும் அந்த மேடைகளின் நிரந்தர மெட்டுகளாயின. ஃபாரஸ்ட் சில காலம் எலிங்டனிடம் வாசித்தவர். அவருடைய மெட்டின் மூலம் எலிங்டனின் ‘ஹேப்பி கோ லக்கி லோக்கல்’. உறுமலும் வழுக்கலும் ப்ளூஸின் நடையும் கறுப்பினக் கலைஞர்கள் கொடுத்தவை என்பதை உன் குழுவில் யாரும் மறக்க விடாதே.

டேவிட் ரோஸின் ‘தி ஸ்ட்ரிப்பர்’ உனக்குத் தெரியும். பர்லெஸ்க் என்றதும் உலகத்தின் காதில் ஒலிப்பது அதுதான். 1958இல் பதிவான அந்த மெட்டு, 1962இல் வேறொரு மெதுவான இசையைக் கொண்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியாகி, அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க இசைத்தட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. நியூயார்க்கின் கொட்டகைகள் மூடி இருபது ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது இது. டிராம்போன்கள் இழுப்பதையும் டிரம்ஸ் குத்துவதையும் கவனித்துக் கேள்: பள்ளத்தில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்துச் செய்ததை எல்லாம் ரோஸ் தாளில் எழுதி, நடனக்காரரே இல்லாத ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிக்க வைத்திருக்கிறார். மிக நேர்த்தியான வேலை, நான் மிகவும் விரும்பிக் கேட்பது. ஆனால் அதில் ஒவ்வொரு அடியும் நிரந்தரமாக ஓரிடத்தில் நிலைத்துவிட்டது. 1959இல் வந்த ‘ஜிப்ஸி’ இசை நாடகத்துக்கு ஜூல் ஸ்டைன் அமைத்த முன்னிசையைக் கேட்டால், இறுதிப் பகுதியில் டிரம்பெட் கட்டவிழ்ந்து பாயும் இடத்தில் பழைய அரங்கத்தின் சூடு இன்னும் அதிகமாகத் தெரிகிறது.

நம் படங்களின் கிளப் டான்ஸ் பாட்டுகளை மெல்லிசை மேடையில் ஆண்டுக்கணக்கில் வாசித்தவன் என்ற முறையில் இந்த வேறுபாட்டை நான் உணர்கிறேன். எல்.ஆர். ஈஸ்வரியின் குரலுக்குப் பின்னால் டிரம்பெட்டும் பாங்கோவும் கொடுக்கும் வெட்டுகள் அமெரிக்க விடுதி இசையிலிருந்து நமக்கு வந்தவையே. ஆனால் நம்மிடம் பாட்டு முதலில் பதிவாகும். நடன இயக்குநர் அதைக் கேட்டு அசைவை அமைப்பார். நடிகை இசையைப் பின்தொடர்வார். பர்லெஸ்க் பள்ளத்தில் இசைதான் ஆடுபவரைப் பின்தொடர்ந்தது.

1960களிலும் 70களிலும் செலவைக் குறைக்க ஒலிநாடாவும் ஜூக் பாக்ஸும் வந்ததும் அங்கேயும் வரிசை தலைகீழானது. 1990களில் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இளம் பெண்கள் பர்லெஸ்க்கை மீண்டும் எடுத்துக்கொண்டபோது, ராக், திரைப்பட இசை என்று எதையும் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் அவர்களுக்கு வந்தது. பெரும்பாலான நிகழ்ச்சிகள் இன்றும் பதிவு செய்த இசைக்கே நடக்கின்றன. அதில் குறை சொல்ல எனக்கு விருப்பம் இல்லை, ஏனென்றால் தன் இசையைத் தானே தேர்ந்து, நொடி நொடியாக அசைவை அமைப்பது பெரிய உழைப்பு. ஆனாலும் ஆடையின் ஒரு கொக்கி மாட்டிக்கொண்டால் பதிவு காத்திருக்காது. குழு காத்திருக்கும். உன்னை அழைத்தவர்கள் செலவைப் பொருட்படுத்தாமல் ஆறு பேரை உட்கார வைப்பது அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

எனவே ஒத்திகையில் ஒவ்வொரு நடனக்காரரிடமும் தனித்தனியாகப் பேசு. எந்தக் காலில் தொடங்குகிறார், எந்த ஆடை எந்த வரிசையில் கழல்கிறது, முடிக்கப் போவதற்கு அவர் காட்டும் சைகை என்ன என்று கேட்டுத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள். கொக்கி சிக்கினால் எந்த நான்கு தாளச் சுற்றுகளைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பது என்பதை டிராம்போன்காரரோடும் பாஸ் வாசிப்பவரோடும் முன்கூட்டியே முடிவு செய். டிரம்ஸை மேடையின் பக்கவாட்டில், ஆடுபவரின் பாதம் தெரியும்படி போடச் சொல். பின்னால் போட்டால் ஒத்துக்கொள்ளாதே. அவர் பேசினாலோ பாடினாலோ குச்சியை விட்டு, மெல்ல ஒலிக்கும் பிரஷ்ஷுக்கு மாறிவிடு.

எந்த மெட்டுகளைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்று எழுது. ‘நைட் டிரெயின்’ இருந்தால் அதன் வேகத்தையும் சொல்; இந்தக் காலத்தில் எல்லாரும் அதை விரைவாக வாசித்துவிடுகிறார்கள். முதல் ஒத்திகையின் பதிவை, எப்படி வந்திருந்தாலும், எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா