கோரிக்கை மனு: கர்ப்பப்பை வாய் பரிசோதனையின் முடிவைப் புரியும் தமிழில் எழுதித் தர வேண்டுதல்

அனுப்புநர்
மகளிர் சுய உதவிக் குழுப் பிரதிநிதி மற்றும் உறுப்பினர்கள்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: கர்ப்பப்பை வாய் பரிசோதனையில் மாற்றம் தெரிந்த பெண்களுக்கு விளக்கச் சீட்டும் மேல் பரிசோதனைக்குத் தேதியும் தருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கும் பெண்கள். குழுவில் 14 பேர். போன வருடம் பக்கத்து ஊரில் நடந்த முகாமில் எங்களில் 9 பேர் கர்ப்பப்பை வாய் பரிசோதனை செய்துகொண்டோம். கூச்சப்பட்டவர்களை வீடு வீடாகப் போய், "வாங்கக்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்று கூட்டிப் போனவள் நான்தான். அதனால் பிறகு நடந்ததைத் தங்களிடம் சொல்லும் கடமையும் எனக்குத்தான் இருக்கிறது.

பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. மறைப்பு இருந்தது, பெண் செவிலியர் பொறுமையாகப் பேசினார். குறையெல்லாம் கடைசியில் கையில் கொடுத்த சீட்டில்தான். உள்ளங்கை அகலத் தாளில் சிவப்பு மையில், ஆங்கிலத்தில், 'விஐஏ பாசிட்டிவ்' என்று எழுதியிருந்தது. வேறு ஒரு வரியும் இல்லை. அந்தச் சீட்டு வந்தது என் அண்ணிக்கு.

"பாசிட்டிவ்னா நல்லதுதானே" என்றார் பக்கத்தில் நின்றவர். அண்ணிக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஊருக்கு அந்தச் சொல் முதலில் எய்ட்ஸோடு வந்தது, அப்புறம் கொரோனாவோடு வந்தது. அண்ணன் லாரி ஓட்டுகிறவர். அண்ணியின் மனசு எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சீட்டை நாலாக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு, நாலு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசுவதையும் விட்டுவிட்டார். தீபாவளிக்கு வீடு கழுவ டின்னை நகர்த்தியபோதுதான் அது என் கண்ணில் பட்டது. முந்திரிப் பால் பட்டுக் கறுத்த விரலின் அச்சு தாளில் அப்படியே இருந்தது.

சரி, இனியும் தாமதிக்கக் கூடாது என்று ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த மருத்துவர் அம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். விஐஏ என்றால், நீர்த்த காடியை, அதாவது வினிகரை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பார்ப்பதாம். செல்களில் மாற்றம் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகும். ஆனால் புண், கிருமித் தொற்று இருந்தாலும் சில சமயம் வெளுக்கும். வெளுத்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் கிடையாது. அதனால்தான் கால்போஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியால் மறுபடி பார்க்கிறார்கள், சந்தேகம் இருந்தால் அரிசி அளவு சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, "அப்போ இது எய்ட்ஸ் இல்லையாம்மா?" என்றார். அந்த ஒரு கேள்விக்காக நாலு மாதம் தூங்காமல் இருந்திருக்கிறார்.

சதை ஆய்வில் நடுத்தர மாற்றம் என்று வந்தது, புற்றுநோய் இல்லை. அந்த இடத்தை உறைய வைத்துச் சிகிச்சை கொடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரம் நீர் போலப் படும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், பட்டபோது அண்ணி பயப்படவில்லை.

எங்கள் குழுவில் இன்னொரு அக்காவுக்கு நடந்தது வேறு மாதிரி. அவர் காசு கொடுத்து வெளியில் பாப் ஸ்மியர் எடுத்தார், கர்ப்பப்பை வாய் செல்களைத் தடவி எடுத்து ஆய்வு செய்யும் பரிசோதனை அது. ஆங்கில அறிக்கையில் 'ஆஸ்கஸ்' என்று இருந்தது. மகன் கைபேசியில் தேடினான், கேன்சர் என்ற சொல்தான் முதலில் கண்ணில் பட்டதாம். ஓர் இடத்தில் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். கம்மலை அடகு வைக்கப் புறப்பட்டவரை நாங்கள்தான் நிறுத்தினோம். ஆஸ்கஸ் என்றால் செல்கள் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகின்றன, காரணத்தை இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் பொருளாம். இந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணமான ஹெச்பிவி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அல்லது ஒரு வருடம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். கர்ப்பப்பையை எடுக்க அது ஒரு காரணமே இல்லை. இதைத் தமிழில் ரெண்டு வரி எழுதியிருந்தால் அடகுக் கடை வரை போயிருக்க மாட்டார்.

பரிசோதனையே வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டோம். நம் தமிழ்நாட்டிலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இந்தக் காடிப் பரிசோதனையைச் செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்ததில் இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது, 2007இல் அந்த ஆய்வு வெளிவந்தது என்று அதே மருத்துவர் அம்மா சொன்னார். சிகிச்சையும் சேர்ந்ததால் கிடைத்த பலன் அது. சீட்டு அரிசி டின்னுக்கு அடியில் கிடந்தால் அந்தப் பலன் எப்படிக் கிடைக்கும்?

எனவே, முகாமிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முடிவோடு சேர்த்து ஒரு விளக்கச் சீட்டும் தர ஆணையிடுமாறு வேண்டுகிறோம். எப்படி இருக்க வேண்டும் என்று நாங்களே உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். மருத்துவர்கள் திருத்திக்கொள்ளட்டும்:

"உங்கள் கர்ப்பப்பை வாயில் ஒரு மாற்றம் தெரிகிறது. இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இது எய்ட்ஸ் பரிசோதனையும் இல்லை. இந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் ஹெச்பிவி என்ற கிருமி காரணம். தாம்பத்திய உறவில் ஈடுபடும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரும், பலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானே போய்விடும். எப்போது வந்தது, யாரால் வந்தது என்று இந்தப் பரிசோதனையில் தெரியாது. ஆகவே யாரையும் சந்தேகப்பட வேண்டாம். போகாமல் தங்கிவிட்டால் புற்றுநோயாக மாற வழக்கமாக 15, 20 வருடம் ஆகும், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குச் சீக்கிரம் வரலாம். இப்போதே பார்த்தால் எளிதாகக் குணப்படுத்தலாம். மேல் பரிசோதனைக்கு வர வேண்டிய நாள், இடம், அறை எண்: ........"

மாற்றம் இல்லை என்று வந்தவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்: உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு பட்டாலோ, முடிவு நன்றாக வந்ததே என்று இருந்துவிடாமல் உடனே வர வேண்டும் என்று.

சீட்டு மட்டும் போதாது என்பதும் தெரியும். எங்களில் 3 பேருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். முடிவைச் சொல்லும்போது வரிசையில் நிற்பவர் காதில் விழாதபடி தனியாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். மேல் பரிசோதனைக்கு வாரத்தில் ஒரு நாளை நிச்சயப்படுத்தினால் நல்லது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு, அங்கே போய் 'இன்னைக்கு டாக்டர் இல்ல' என்றால் ரெண்டு நாள் கூலி. எங்கள் பக்கம் பெரிய வியாதி என்றாலே ஜிப்மர் என்றுதான் வாயில் வரும், பஸ் ஏறிப் புதுச்சேரிக்கே போய்விடுகிறோம். பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை இதைச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் முதலில் அங்கேயே போவோம். வர வேண்டிய நாளில் வராதவரைக் கிராம சுகாதார செவிலியர் ஒரு மாதத்துக்குள் தேடி வந்து விசாரிக்க வேண்டும். வீட்டு ஆண்களிடம் சொல்லிவிட்டுப் போகாமல், அந்தப் பெண்ணிடமே பேச வேண்டும்.

அந்த முகாமில் இருந்த செவிலியர் மீது எங்களுக்குப் புகார் இல்லை. அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். அன்று காலையிலிருந்து அவரும் சாப்பிடவில்லை, நாங்கள்தான் டீ வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த முகாமுக்கு ஆள் திரட்டச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தச் சீட்டு அச்சாகி வந்தால், விடுபட்ட 5 பேரையும் நானே கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
குழுப் பிரதிநிதி மற்றும் உறுப்பினர்கள்
(11 கையொப்பம், 3 கைரேகை)

இணைப்பு: நாங்கள் எழுதிய விளக்கச் சீட்டின் மாதிரி, 1 பக்கம்.